லைனர் போட்ட பிறகும் புகை வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

அக்டோபரில் முதல் குளிர் விழுந்தவுடன் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணா, லைனரை மாத்தணும் போல இருக்கு." போய்ப் பார்த்தால் லைனர், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கிய எஃகுக் குழாய், நன்றாகவே இருக்கும். விறகு ஈரமாக இருக்கும், அல்லது காற்றை வெளியே இழுக்கும் சமையலறை விசிறி ஓடிக்கொண்டிருக்கும், அல்லது புகைபோக்கி உச்சியில் தொப்பி மாதிரி நிற்கும் கவுலின் வலை புகைக்கரியால் அடைத்திருக்கும்.

தென் லண்டன் பக்கம், பதிவு பெற்ற ஒரு ஸ்டவ் பொருத்துநரோடு எட்டு வருடம் கூரை ஏறிய பழக்கத்தில் இதை எழுதுகிறேன். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகு நெளிகுழாய் இறக்கி, கீழே கதவு போட்ட விறகு ஸ்டவ் வைத்த வீடுகளுக்கு மட்டுமே இது. கேஸ் அடுப்புக்கும் திறந்த கணப்புக்கும் கணக்கே வேறு.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் போங்கள். சாரம் கட்டி முடித்த பிறகு விறகைச் சோதித்தவர்களை எனக்குத் தெரியும். கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு ஊசி வைத்த ஈரம் பார்க்கும் மீட்டர், ஒரு கட்டு ஊதுபத்தி இருந்தால் போதும். ஊதுபத்தி எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

## கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கிறது

இது பிழை தேடும் நேரம் இல்லை. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்தால் உடனே அவசர உதவி எண் 999.

"புகையே இல்லையே, அலாரம்தான் பழுது" என்று பேட்டரியைக் கழற்றியவர்கள் உண்டு. தணல் மட்டும் மிஞ்சி இருக்கும் நேரத்தில் கண்ணுக்குப் புகை தெரியாது, இந்த வாயுவோ அப்போதும் வந்துகொண்டிருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது. பதிவு பெற்றவர் வந்து பார்க்கும்வரை அந்த ஸ்டவ்வை மூட்டக் கூடாது.

அலாரத்தை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் இன்றே பாருங்கள். ஸ்டவ் இருக்கும் அதே அறையில், ஸ்டவ்விலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அறையின் உட்கூரையில் மாட்டினால் எந்தச் சுவரிலிருந்தும் 300 மி.மீ. தள்ளி. அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

## மாடி அறையிலோ பக்கத்து வீட்டிலோ புகை வாடை

ஸ்டவ்வை அணையவிடுங்கள். மறுபடி மூட்ட வேண்டாம். பார்ப்பதற்கு இரண்டு விஷயம் உண்டு.

வாடை வரும் அறையில் பழைய கணப்பு ஒன்று திறந்து கிடக்கிறதா? அப்படியானால் புகை சுவர் வழியாகக் கசியாமல் உச்சி வழியாகவே திரும்பி வந்திருக்கலாம். புகைபோக்கி உச்சியில் நிற்கும் சுட்டமண் குழாயைத்தான் பானை என்கிறோம். உங்கள் பானை வாயிலிருந்து வெளியேறும் புகையைப் பக்கத்துப் பானை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே அடுக்கில் நான்கைந்து பானைகள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் இது சாதாரணம். பயன்படாத அந்தப் புகைவழிக்கு மழை புகாத, காற்று மட்டும் போகும் மூடி போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

கணப்பே இல்லாத அறையில் வாடை வந்தால் விஷயம் பெரிது. லைனர் கீழே ஸ்டவ் குழாயோடு இணைக்கும் அடாப்டரிலிருந்து கழன்றிருக்கலாம், அதைப் பிடித்து நிற்கும் உச்சித் தகட்டில் சரியாகப் பிடிக்காமல் சரிந்திருக்கலாம், அல்லது ஓட்டை விழுந்திருக்கலாம். நூறு வருடச் சாந்து உதிர்ந்து, வழிகளுக்கு நடுவே உள்ள அரைச்செங்கல் சுவரும் விழுந்திருந்தால் அந்தப் புகை எந்த வீட்டுக்கும் போகும். உச்சியை அடைத்து, உள்ளே புகை நிரப்பிப் பார்க்கும் சோதனையைப் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

## லைனர் இறக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டது

உச்சியில் ஒருவர் ஊட்ட, கீழே ஒருவர் குழாய் முனையில் மாட்டிய கூம்பில் கட்டிய கயிற்றை இழுக்க, நான்கு மீட்டர் இறங்கிய குழாய் திடீரென்று நின்றுவிடும். அப்போது பலத்தைக் காட்டினால் கயிறு அறும், அல்லது மடிப்பு விரியும். உச்சியில் குழாயின்மேல் ஒரு டேப் அடையாளம் வையுங்கள். எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், கணப்பின் தொண்டைக்குச் சற்று மேலேதான் நிற்கிறதா? கீழிருந்து டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். கூம்பு உத்தரக் கல்லில் முட்டி நின்றால் கையாலேயே திருப்பி விடலாம்.

அதற்கு மேலே என்றால் ஓரடி மேலே தூக்கி, சுருள் மடிப்பு இறுகும் பக்கமாக மட்டும் மெல்லத் திருப்பி, மறுபடி இறக்குங்கள். மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கேட்கிற மாதிரி போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள். நாங்கள் சிக்கல் எடுத்ததில் பெரும்பகுதி இந்த ஓரடிக் கணக்கில்தான்.

மூன்று முறை முயன்றும் அதே இடத்தில் நின்றால் குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். வழியில் பிதுங்கிய சாந்துக் கட்டி இருக்கலாம். விழுந்த செங்கல் இருக்கலாம். பக்கத்துக் கணப்பை விலகிப் போவதற்காகப் பழைய கொத்தனார் வைத்த வளைவு கூர்மையாக இருக்கலாம். கேமரா விட்டால் எது என்று தெரியும். கட்டி என்றால் உச்சியிலிருந்து கனமான குண்டு இறக்கித் தட்டி எடுப்பார்கள். வளைவு என்றால் அந்த உயரத்தில் சுவரில் சில செங்கல்களை எடுத்து, கையை விட்டு வழிநடத்திவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். பூச்சும் பெயின்டும் சேர்ந்த செலவு அது.

இங்கே இரண்டு ஆசைகளை அடக்க வேண்டும். ஒன்று, குழாயைத் தட்டி நீள்வட்டமாக்கி நுழைப்பது. இன்னொன்று, 150 மி.மீ. லைனர் போகவில்லை என்று 125 வாங்கி வருவது. ஸ்டவ்வின் புகைவாயை விட லைனர் சிறியதாக இருக்கவே கூடாது. புகைவாய் 125 மி.மீ. இருந்து, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஏற்றது என்று அனுமதி பெற்ற ஸ்டவ்வாகவும் இருந்தால்தான் 125 செல்லும்.

இன்னொன்றும் நடக்கும். குழாய் சிக்காமல் அழகாக இறங்கிவிடும், கீழே கணப்பில் மட்டும் வராது. பானையைத் தப்பாக எண்ணிப் பக்கத்து வழியில் இறக்கிவிட்டோம் என்று அர்த்தம். எனக்கே ஒரு முறை ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி வெளியே வந்து, தன் கணப்பில் கயிறு தொங்குகிறதே, அது யாருடையது என்று மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து, முதலில் கீழே ஒரு சிறு புகைக்குளிகை கொளுத்தி எந்தப் பானையில் புகை எழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கயிறையே எடுப்போம்.

வழிக்குள் சாம்பல் நிறச் சிமென்ட் குழாய் ஏதாவது தென்பட்டால் தொடவோ உடைக்கவோ வேண்டாம். பழைய குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதற்கென்று உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

## மூட்டும்போது மட்டும் அறைக்குள் புகை

பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் குழாய்க்குள் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு செய்தித்தாளைச் சுருட்டி, ஸ்டவ்வுக்குள் மேல்பக்கமாக வைத்து முதலில் கொளுத்துங்கள். குச்சிகளை மேலே அடுக்கி மேலிருந்து பற்றவைப்பதும் நல்ல வழி. எங்கள் பாட்டி கீழே தீ வைத்து ஊதுகுழலால் ஊதியே பழகியவர். இந்த முறையைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், ஆனாலும் வேலை செய்கிறது.

அப்படியும் வந்தால் ஊதுபத்தியை எடுங்கள். ஸ்டவ் ஆறியிருக்கும்போது கதவை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடைவெளியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போக வேண்டும். இப்போது சமையலறை விசிறி, குளியலறை விசிறி எல்லாவற்றையும் முழு வேகத்தில் போட்டு மறுபடி பாருங்கள். புகை உங்கள் முகத்துக்குத் திரும்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். நாம் தாளிக்கும் தாளிப்புக்குப் பெரிய விசிறியாகப் பார்த்து வாங்கிப் போட்டிருப்போம், அது இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னலைச் சற்றுத் திறந்தால் புகை மறுபடி உள்ளே போகிறதா? போனால் அறைக்குக் காற்று போதவில்லை. 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஸ்டவ் என்றால் பழைய வீட்டிலும், மேற்படும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. அளவில், மூட முடியாத காற்றுத் துளை வேண்டும். புது வீட்டிலும், இடுக்கெல்லாம் அடைத்துப் புதுப்பித்த வீட்டிலும் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு. வாடகைக்கு இருந்தவர்கள் குளிர் தாங்காமல் அந்தத் துளையில் துணி அடைத்து வைத்திருந்ததை நானே உருவி எடுத்திருக்கிறேன்.

விசிறியும் காற்றும் சரி என்றால் மிச்சம் மூன்று. ஸ்டவ்வுக்குள் மேலே இருக்கும் தடுப்புத் தட்டின்மீது கரி குவிந்திருக்கலாம், கழற்றித் தட்டிப் போடுங்கள். வசந்தத்தில் ஜாக்டா காக்கைகள் குச்சிக்கூடு கட்டியிருக்கலாம். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம், பறந்து போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கடைசியாக, புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் நின்று, லைனரைச் சுற்றி வெர்மிகுலைட்டோ (சூட்டைக் காக்கும் இலேசான கனிமத் துகள்) கம்பளிச் சுற்றோ போடாமல் விட்டிருக்கலாம். பின்னால் போடலாம், ஆனால் அதற்குச் சாரம் வேண்டும். ஸ்டவ்விலிருந்து உச்சிவரை மொத்த உயரம் 4.5 மீட்டருக்குக் குறைவு என்றால் பொருத்துநரிடம் பேசாமல் எதையும் வாங்காதீர்கள்.

## தீ நன்றாக எரிகிறது, கதவைத் திறந்தால் புகை

கதவைப் படாரென்று திறக்கிறீர்களா? முதலில் காற்று நெம்புகோலை முழுவதும் திறந்து, கதவை ஒரு விரல் அளவு விட்டு, ஐந்து நொடி கழித்து மெல்ல. இது போதாமல் போனால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

தெருவில் நின்று பைனாகுலரில் கவுலைப் பாருங்கள். பறவை வலை கறுத்து மூடியிருந்தால் அதுதான். கூரையில் கால் வைக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இது. சுத்தம் செய்யப் புகைபோக்கி கூட்டும் சுவீப்பைக் கூப்பிடுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

அடுத்தது நான் அடிக்கடி பார்க்கும் கூத்து. அளந்ததற்கு மேல் ஒரு மீட்டர் கூடுதலாகக் குழாய் வாங்குவது வழக்கம், நல்லதும்கூட. மிஞ்சியதை வெட்டாமல் அப்படியே உள்ளே திணித்துவிட்டால், புகைபோக்கியின் அடிவாயை மூடும் ரெஜிஸ்டர் தகட்டுக்கு மேலே லைனர் யானைத் தும்பிக்கை மாதிரி மடங்கிக் கிடக்கும். அந்தத் தொங்கலில் கரி தங்கும், புகையை மேலே இழுக்கும் இழுவை செத்துப்போகும். தகட்டில் இருக்கும் சோதனை மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பாருங்கள். குழாய் நேராக, அதிகம் போனால் 45 டிகிரி சாய்வில், அடாப்டருக்குள் இறங்க வேண்டும். மொத்த வழியிலும் நான்கு வளைவுக்கு மேல் கூடாது. ஸ்டவ்வின் பின்வாயில் மாட்டும் டி-துண்டே இரண்டு வளைவாக எண்ணப்படும், அதன் படுக்கைப் பகுதி 150 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

காற்று ஒரு குறிப்பிட்ட திசையில் அடிக்கும் நாளில் மட்டும் புகை வருகிறதா? பக்கத்தில் உயர்ந்த கட்டடமோ மரமோ இருக்கும். அப்போதுதான் காற்றுத் தடுப்புக் கவுலைப் பற்றி யோசிக்க வேண்டும். பலர் இதையே முதல் மருந்தாக வாங்கிவிடுகிறார்கள்.

## குழாய் இணைப்பில் தார் வடிகிறது, கண்ணாடி கறுக்கிறது

விறகுதான். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பார்கள், ஆனால் முதலில் விறகுதான். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த உள்முகத்தில் மீட்டர் ஊசிகளைக் குத்துங்கள். வெட்டுமுனையில் குத்தினால் காய்ந்ததாகப் பொய் சொல்லும். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் அதை எரிக்காதீர்கள். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வாங்கி வந்து மழையில் அடுக்கினால் சட்டம் என்ன செய்யும்?

காய்ந்த விறகுதான் என்றால், இரவில் காற்றை முழுவதும் மூடிக் கனிய விடுகிறீர்களா? குழாயில் காந்த வெப்பமானி ஒன்று ஒட்டுங்கள். பல வெப்பமானிகளில் 115 முதல் 245 டிகிரி செல்சியஸ்வரை நல்ல பட்டை என்று குறித்திருக்கும். ஊசி எப்போதும் அதற்குக் கீழேயே படுத்திருந்தால் தார் உருவாகத்தான் செய்யும்.

இரண்டும் சரி, ஆனாலும் ஸ்டவ்வுக்கு மேலே தெரியும் எனாமல் குழாயின் வெளிப்பக்கம் பழுப்புக் கோடு இறங்குகிறது என்றால் குழாயைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மேல்குழாயின் குறுகிய முனை கீழ்க்குழாயின் அகன்ற வாய்க்குள் இறங்க வேண்டும், அப்போது வடிவது ஸ்டவ்வுக்குள்ளேயே போய் எரிந்துவிடும். மாற்றி மாட்டினால் இணைப்பு வழியே வெளியே வரும். லைனருக்கும் இதே கதை. வெளிப்பக்கம் அச்சிட்ட அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள் மடிப்பு ஒவ்வொன்றும் தாரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயை அரை நாளில் திருப்பி மாட்டிவிடலாம். லைனரைத் திருப்புவது என்றால் முழு வேலையும் முதலிலிருந்து.

உள்ளே கரி பொடியாக இல்லாமல் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மூட்டாதீர்கள், சுவீப்பைக் கூப்பிடுங்கள். அது தீப்பிடிக்கும். புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவது மாதிரி உறுமல் கேட்டால் ஸ்டவ்வின் காற்று வழிகள் எல்லாவற்றையும் மூடி, 999. தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்படி ஒரு தீ வந்து போன லைனரைக் கேமராவில் பார்க்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

## சுவரில் பழுப்பு ஈரம்

எப்போது வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் கூரையோடு சேரும் ஈயத் தகடு, உச்சியில் பானையைச் சுற்றிய சாந்து, லைனரின் மேல்தகட்டுச் சீல், மூடியில்லாத பக்கத்துப் பானை, இவற்றில் ஒன்று. மேல்தகடு கசிந்தால் உள்ளே கொட்டிய வெர்மிகுலைட் பஞ்சு மாதிரி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சுவர் மாதக்கணக்கில் காயாது. மழையே இல்லாமல் புழுக்கமான நாளில் வந்தால், பல வருட நிலக்கரிப் புகையின் உப்பு பூச்சில் ஊறிக் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. அதன்மேல் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். பூச்சை உடைத்து, உப்பைத் தாங்கும் பூச்சு போட வேண்டும். அதற்குக் கொத்தனார் போதும், ஸ்டவ் ஆள் தேவையில்லை.

## சத்தங்கள்

சூடாகும்போதும் ஆறும்போதும் டிக் டிக்: உலோகம் விரிந்து சுருங்குகிறது, விடுங்கள். காற்றில் கடகட: கவுலின் பட்டை தளர்ந்திருக்கிறது, அடுத்த முறை சுவீப் வரும்போது சொல்லுங்கள். ரெஜிஸ்டர் தகட்டின்மேல் மணல் கொட்டும் சத்தம்: வெர்மிகுலைட்டைத் தாங்கும் அடிமூடி விட்டுப்போயிருக்கிறது, பொருத்துநர் வேண்டும்.

## தீ அடங்க மறுக்கிறது

ஆறிய ஸ்டவ்வின் கதவிடுக்கில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் கதவிடுக்கை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது. சுற்றிலும் நான்கைந்து இடத்தில் சோதியுங்கள், சாம்பல் கதவையும் மறக்காதீர்கள். புதுக் கயிறும் பசையும் நீங்களே போடலாம். கயிறு இறுக்கமாக இருந்தும் தீ அடங்காவிட்டால் உயரமான புகைபோக்கியின் இழுவை அதிகம். பல ஸ்டவ்களுக்கு 12 பாஸ்கல் (இழுவையின் அழுத்த அளவு) இருந்தால் போதும். பொருத்துநர் சூடான குழாயில் மானோமீட்டர் வைத்து அளந்து, தேவையென்றால் இழுவையைக் கட்டுப்படுத்தும் கருவி போடுவார்.

## புகைபோக்கியைக் கூட்டும்போது பளபளப்பான உலோகச் செதில் விழுகிறது

லைனர் அரிக்கிறது. இதற்கு ஒட்டுப் போடும் வழி கிடையாது. கேமரா விட்டு உறுதி செய்துகொண்டு மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும் முன் ஏன் அரித்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் புதியதும் அப்படியே போகும். விறகு மட்டும் எரிப்பவர்களுக்கு 316 தர எஃகு போதும். புகையில்லாக் கரியும் எரித்தால் 904 வேண்டும், ஏனென்றால் கரியின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. ஈர விறகையும் கரியையும் கலந்து போடுவது இதற்கு நேர்வழி. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் பெயின்ட் அடித்த பலகையும் குளோரைடு கொண்டுவரும். கோடையில் உள்ளே படிந்த புகைக்கரியோடு மூடி வைப்பதும் கெடுதல். சீசன் முடிந்தவுடன் ஏப்ரல், மே வாக்கில் கூட்டி, காற்று வழியைத் திறந்து விடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷை லைனருக்குள் விடும் சுவீப்பை அடுத்த வருடம் கூப்பிடாதீர்கள்.

எந்தத் தரம், எந்த அளவு, எப்போது போட்டது என்பதற்கு வீட்டில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். மின் மீட்டர் பக்கத்திலோ தண்ணீர் வால்வு பக்கத்திலோ ஒட்டியிருப்பார்கள். கூடவே பொருத்துநரோ உள்ளாட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவோ கொடுத்த சான்றிதழ். இரண்டும் இல்லாத வீட்டை வாங்கியிருந்தால், முதல் விறகை வைப்பதற்கு முன் பதிவு பெற்ற ஒருவரை அழைத்துக் கேமரா விடச் சொல்லுங்கள். பலகை இருந்து, அதில் 125 என்று எழுதி, உங்கள் ஸ்டவ்வின் வாய் 150 ஆக இருந்தால், இங்கே மேலே சொன்ன எந்தச் சோதனையும் தேவையில்லை. நேராகப் போனை எடுங்கள்.